வெற்றிலை வைத்தவர்

பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு குதி குதிப்பார். எழுந்துபோய் அந்த ஓரத்தில் உட்கார்ந்து இன்னும் இரண்டு குதி. பெஞ்சு அசையாது. கோலப்பபிள்ளைக்கு அது போதாது. குனிந்து நான்கு கால்களையும் பிடித்து உலுக்கி, பலகையின் அடியில் ஆணி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வாசலில் நிற்கும் நோயாளிகளை உள்ளே விடுவார். "வந்து இரிங்க. பைய இரிங்க. எல்லாரும் ஒரே ஓரத்துல போய் இரிக்காதீங்க, பெஞ்சு தூக்கிரும்."

கையொடிந்து வந்தவன் பெஞ்சிலிருந்து விழுந்து காலையும் ஒடித்துக்கொண்டால் அந்தக் காலுக்கு யார் பொறுப்பு? சங்கம். சங்கம் என்றால் யார்? காரியதரிசி. காரியதரிசி என்றால்? இந்த இடத்தில் பிள்ளை தம் நெஞ்சைத் தாமே தொட்டுக்கொள்வார். காலை ஏழு மணிக்கே அவருக்கு வேர்த்திருக்கும்.

நாகர்கோயிலிலிருந்து முட்டம் போகும் சாலையில், வயல் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது தர்ம வைத்திய சங்கத்தின் ஓட்டுக் கட்டிடம். எலும்பு முறிவு, சுளுக்கு, மரத்திலிருந்து விழுந்தது, மாடு முட்டியது எல்லாவற்றுக்கும் அங்கே இலவச வைத்தியம். செய்கிறவர் ரசலையன் ஆசான், சிதறால் பக்கத்துக்காரர், வர்மம் தெரிந்தவர். சங்கத்தின் தலைவர் ஒரு பண்ணையார். ஆண்டு விழாவன்று மாலை போட்டுக்கொள்ள வருவார். பொருளாளர் திருவனந்தபுரத்தில் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்து நாளாயிற்று. மிச்சமிருப்பவர் காரியதரிசி கோலப்பபிள்ளை.

முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். மருமக்கள்வழிக் குடும்பங்களில் மாமனும் மருமகனும் பாகத்துக்காகக் கோர்ட்டு ஏறிய காலத்தில் கேஸ் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். நல்ல மனுஷர்கள் கூண்டில் ஏறி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது. கெட்டவன் தப்பித்துவிடுகிறான், அவனுக்கு முன்கூட்டியே வக்கீல் இருக்கிறான். நல்லது செய்யப் போனவன்தான் மாட்டிக்கொள்கிறான் என்பது அவர் கண்டது. அப்படியானால் இந்தச் சங்கத்தில் ஏன் போய்ச் சேர்ந்தீர் என்று கேட்டால் பெஞ்சை உலுக்கப் போய்விடுவார். அவர் மனைவி அழகம்மைதான் சொல்வாள். "சும்மா இருக்கவருக்கு ஒரு வெசனம் வேண்டாமா? அதத் தேடிப் போய்ச் சேந்தாரு."

"நாளைக்குக் கூண்டுல ஏறி ஆரு பதில் சொல்லுகது?" இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பார் என்று கணக்கில்லை. சங்கத்து முற்றத்தில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. அவற்றில் முற்றிய தேங்காயை யாரும் கண்டதில்லை. நோயாளி தலையில் விழுந்துவிடும் என்று கருக்காக, இளநீர்ப் பருவத்திலேயே ஆள் விட்டு வெட்டி இறக்கிவிடுவார். வாசலில் ஒரு சொறிநாய் வந்து படுக்கும். அதற்கு யாரும் ஒரு வாய் சோறு போடக்கூடாது. போட்டால் அது சங்கத்து நாய் ஆகிவிடும். அது கடித்தால் சங்கம் கடித்ததாக ஆகிவிடும்.

ஆசானும் தப்பமுடியாது. வலியில் முனகுகிறவனிடம் அவர், "பேடிக்காத மக்கா, எல்லாம் சரியாவும்" என்று தொடங்கினால் திரைக்கு அப்பாலிருந்து இருமல் கேட்கும்.

"சரியாவும்னு சொல்லப்படாது ஆசானே. பாக்கலாம்னு சொல்லும்."

"பாக்கலாம்னு பறைஞ்சா நோவாளிக்க நெஞ்சு ஒடைஞ்சு போவும் பிள்ளைவாள்."

"நெஞ்சு ஒடைஞ்சா நீரு கெட்டிக் குடுப்பீரு. சொன்ன சொல்லு ஒடைஞ்சா ஆரு கெட்டுவா?"

இந்த ஐப்பசியோடு நாமெல்லாம் மதராஸ் ராஜ்யத்தில் சேரப் போகிறோம் என்று ஊரே தோரணம் கட்டக் காத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கும் சந்தோஷம்தான். ஆனால் சங்கத்தை ரிஜிஸ்தர் செய்தது திருவிதாங்கூர்ச் சட்டத்தில். எல்லை மாறும் அன்று ராத்திரி சங்கம் எந்தச் சட்டத்தின் கூரைக்குள் படுத்திருக்கும்? இதைக் கேட்டு ஊர்வலம் போகிறவர்களை வழிமறிக்கிறார். அவர்கள் அவரிடம் ஒரு கொடியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இவையெல்லாம் சில்லறைக் காவல்கள். அவருடைய பெரிய காவல் வேறு. யாரிடமும் எதையும் வாங்கக்கூடாது. வாங்கினால் கூலி. கூலி என்றால் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் கேஸ். சும்மா செய்த தர்மத்தின் மேல் பிராது கொடுக்க வழியில்லை என்பது அவர் தம்மளவில் இயற்றிக்கொண்ட சட்டம். ஒருமுறை, கால் சுகமான கடப்புறத்துக்காரர் ஒருவர் பெரிய நெய்மீன் ஒன்றை ஓலையில் பொதிந்து, யாரும் பார்க்காத நேரம் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளை அந்தப் பொதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன்தண்ணீர் முழங்கை வழியாக ஒழுக, வேட்டி காலைத் தடுக்க ஓடிப் பஸ்ஸை மறித்துத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரை ஒரு மகான் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

காவல் பலமானதுதான். ஆனால் அதில் தொடக்கத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. ஆசானுடைய பரம்பரையில் வெறுமனே வந்தவனைத் தொடமாட்டார்கள். விளக்கைக் கொளுத்தி, அதன் முன்னால் நோயாளிக்கு வேண்டப்பட்ட ஒருவர் வெற்றிலையும் பாக்கும் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் ஆசான் கை வைப்பார். வேதக்காரர்களாகிச் சர்ச்சுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தக் குடும்பத்தில் இந்த முறை மாறவில்லை.

"வெத்திலைன்னா தட்சிணை. தட்சிணைன்னா கூலி. அது நடக்காது" என்றார் பிள்ளை.

"வைக்காம தொட்டா எனக்க கை ஓடாது" என்றார் ஆசான்.

பிள்ளைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். நோயாளியிடம் வாங்கினால்தானே வம்பு? "வாறவனுக்க கையில இருந்து ஒண்ணும் வேண்டாம். எனக்க வெத்திலச் செல்லத்துல இருந்து எனக்க வெத்திலய நான் வைக்கேன். போருமா?"

ஆசான் நிமிர்ந்து கேட்டார். "எல்லாருக்குமா?"

"வாற எல்லாருக்கும்."

"யோசிச்சுத்தான் சொல்லுதீரா பிள்ளைவாள்?"

"யோசிக்காம நான் வாயத் தொறப்பனா வே?"

ஆசான் எழுந்து நின்று கும்பிட்டார். எதற்கு இந்தக் கும்பிடு என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. தம்முடைய சட்டமூளைக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம் அப்படியே நடந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பிள்ளை தம் பித்தளைச் செல்லத்தைத் திறந்து, நல்ல தளிர் வெற்றிலையாகப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, பாக்கோடு விளக்கின் முன்னால் தட்டில் வைப்பார். உழுகிறவன், பனையேறி, கடப்புறத்தான், வழிப்போக்கன் என்று பேதமில்லை. வைத்துவிட்டு, ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தவரைப் போல நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொள்வார். நாள் முழுக்க அவர் பயப்படாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

போன பங்குனியில், வண்டிக்காரன் கணபதியப்பனின் பெண்டாட்டி தாணம்மாள் வந்து பிள்ளையின் வீட்டு முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வண்டி குடைசாய்ந்து அவள் புருஷனுக்கு மணிக்கட்டு ஒடிந்ததும், ஆசான் கட்டிவிட்டதும் உண்மை. கட்டை அவிழ்க்கும் நாள் வருமுன்னே அவன் தானாகவே அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காளைகளைப் பூட்டினான் என்பதும் உண்மை. கை கோணிப்போய்விட்டது. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க இனி அந்தக் கையால் ஆகாது.

"ஆசான்கிட்ட போய்ச் சொல்லு மக்கா" என்றார் பிள்ளை.

"ஆசான்கிட்ட என்னத்துக்கு அண்ணாச்சி போவேன்? அவரு தொட்டாரு. தொடச் சொன்னது ஆரு? வெளக்குக்கு முன்னால வெத்தில வச்சது நீங்க. வெத்தில வச்சவருதான் ஒடையவரு. இவனுக்கு எது வந்தாலும் நான் ஏத்துக்கிடுகேன்னுதானே வைக்கது? இப்பம் வந்தாச்சு. ஏத்துக்கிடுங்க."

"எவ சொன்னா இத ஒனக்கு?"

"நல்ல கூத்து! ஊருக்கே தெரியும்லா. எனக்க தம்பி வக்கீலப் பாக்கப் போயிருக்கான். நாலு பேரு பாக்கத்தானே வச்சீங்க, சாச்சிக்கு ஆளத் தேட வேண்டாம்."

ஊருக்கே தெரிந்த அந்த விஷயம் பிள்ளைக்குத் தெரியாது. முப்பது வருஷம் கோர்ட்டு வராந்தாவில் கழித்த மனுஷர், ஒருநாள்கூட ஓர் ஆசான் வீட்டு வாசலை மிதித்தவரில்லை. செருப்பை மாட்டக்கூட மறந்து சங்கத்துக்கு ஓடினார்.

"ஆசானே, வெத்தில வச்சவன் ஒடையவனா?"

"பின்னே?"

"அத எனக்கிட்ட ஏன் வே சொல்லல?"

ஆசானின் முகம் விழுந்துவிட்டது. "அறியாமலா வச்சீரு? மூணு வருசமாட்டு வச்சீரே! தாய் தவப்பன் இல்லாதவனுக்கு வச்சீரு. குடிச்சிட்டு ஓடையில விழுந்தவனுக்கு வச்சீரு. பெத்த மவனே ஏத்துக்கிடாத கெழவனுக்கு வச்சீரு. இப்பிடியும் ஒரு மனுசன் உண்டும்னு எங்க ஊர்ல போயி பறைஞ்சிட்டுல்லா இருக்கேன்."

பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது.

கோர்ட்டில் இது நிற்குமா? நிற்கும். அதுதான் அவருக்கு நன்றாகத் தெரியும். எழுத்து ஒன்று சொல்ல, ஊர் வழக்கம் வேறொன்று சொல்லி, கடைசியில் வழக்கமே ஜெயித்த கேஸ்களை அவரே சுமந்து திரிந்திருக்கிறார். தோற்றால் வீடு ஜப்தியாகும். அந்த வீடு ஒன்றுதான் அவருக்கு உண்டு. அதைக் காட்டித்தான் மகள் அழகியநாயகிக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறது. கோர்ட்டு டவாலி தம் பெயரை மூன்று தரம் கூப்பிடுவது சாப்பிடும்போதுகூட அவர் காதில் கேட்கத் தொடங்கியது. யோசித்து யோசித்து, தப்பிக்க ஒரே ஒரு வழிதான் தென்பட்டது. 'தெரியாமல் வைத்தேன்.' அது பொய்யும் அல்ல. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் இனி வைக்காதீங்க. அவ்வளவுதானே?" என்றாள் அழகம்மை. "அதுக்கு ஏன் இப்பிடி நடந்து நடந்து தரையத் தேய்க்கீங்க?"

அவர் வைக்கவில்லை. நோயாளியின் வீட்டார் வைக்கட்டும் என்றால் அது கூலி. தாம் வைத்தால் பொறுப்பு. இரண்டுமில்லாமல் ஆசான் தொடமாட்டார். பெஞ்சு காலியாகக் கிடந்தது. வந்தவர்கள் சாலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நாகர்கோயிலுக்குப் போனார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாதவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆசான் எண்ணெய் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றி, ஊற்றிய குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த வம்பும் வரமுடியாத அந்த நாட்களில் பிள்ளை எப்படி இருந்திருக்க வேண்டும்! ஆனால் அவர் இளைத்துப் போனார். காலையில் வந்து, யாரும் உட்காராத பெஞ்சை உலுக்கிப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆடிக் கடல் கொந்தளித்துக் கிடந்த ஒரு முற்பகலில், முட்டத்திலிருந்து ஒரு காளைவண்டி வந்து நின்றது. யூஜின் என்ற வலைக்காரனை அதில் கிடத்தியிருந்தார்கள். கரை அடையும்போது அலை கட்டுமரத்தைத் தூக்கிப் புரட்டியதில், மரம் அவன் பிடரியில் அடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் கிளம்பினார்கள். பாதி வழியில் மூச்சு இறங்கத் தொடங்கியதால் இங்கே இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. காதுக்குள் கடல்மணல் அப்பியிருந்தது.

ஆசான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். பிடரியைத் தொடாமல் கையை அதன்மேல் ஓட்டினார். "ஆஸ்பத்திரிக்கு எத்தாது. இப்பம் செய்தா உண்டு. இவனுக்க ஆளுவ ஆரு?"

"நாங்கதான் ஆசானே" என்றார்கள், தூக்கி வந்த இரண்டு பேரும்.

"அடிபட்ட எடத்துல நின்னவன் வைக்கப்படாது. வேற ஆரு உண்டும்?"

"பெண்டாட்டிக்குச் சொல்லி விட்டிருக்கு. நடந்து வந்துக்கிட்டிருப்பா."

அடித்தவனே வெற்றிலை வைத்து உடையவனாகிவிடக்கூடாது என்பதற்காக முன்னோர் போட்டுவைத்த விதி அது. ரொம்ப நியாயமான விதி என்று பிள்ளையின் குமாஸ்தா மூளை அந்த நேரத்திலும் ஒப்புக்கொண்டது.

ஆசான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். விளக்கைக் கொளுத்தினார். சுக்கைத் தட்டி வாயில் போட்டுச் சவைத்தார். வெறும் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முறைய நாளைக்குப் பாத்துக்கிடலாம் ஆசானே, தொடும் வே!" பிள்ளை கத்தியே விட்டார்.

"மாட்டேன்னா பறைஞ்சேன்? கை ஓடாது பிள்ளைவாள்." ஆசானின் கண் கலங்கியிருந்தது. "எனக்க அப்பன் கை பிடிச்சுத் தந்த முறை இது. அதில்லாம எனக்க கை வெறும் மாமிசம்."

வாசலில் சாலையில் போனவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை பார்த்த பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன. இப்போது வைத்தால் 'தெரியாமல் வைத்தேன்' என்ற சொல் செத்துப்போகும். தெரிந்தே வைத்தார் என்று நாளைக்கு இத்தனை பேரும் சாட்சி சொல்வார்கள். கணபதியப்பனின் கை போகட்டும், இது உயிர். இவன் செத்தால் கோர்ட்டு மட்டும்தானா? போலீசும் வரும். வீடு, மகள், ஆவணி எல்லாம் ஒன்றாக மனதில் வந்து மோதின. கீழே யூஜினின் மார்பு ஏறி, ஏறிய இடத்திலேயே நின்று, வெகுநேரம் கழித்து இறங்கியது.

செல்லத்தின் மூடி சட்டென்று திறக்கவில்லை. நகத்தால் நெம்பினார். பாக்குகள் சிதறித் தரையில் உருண்டன. கைக்கு அகப்பட்ட வெற்றிலையை எடுத்து, துடைக்காமலே தட்டில் வைத்தார்.

"இவன்... இவன் எனக்க ஆளு. தொடும்." குரல் கீச்சென்று வந்தது.

ஆசான் எழுந்ததைத்தான் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தக் கைகளின் வேகத்தைக் கண் பின்தொடர முடியவில்லை. காது இரண்டிலும் சுக்குக் காற்றை ஊதினார். உச்சந்தலையில் இடது கையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வலது கையால் தட்டினார். முதுகில் எங்கோ பெருவிரலை ஊன்றித் திருகினார். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டார். தாணுமாலயனைக் கூப்பிட்டார். முட்டத்துக்காரனாயிற்றே என்று மாதாவையும் கூப்பிட்டார். யாரையும் விட்டுவிட அவருக்குத் தைரியமில்லை.

யூஜின் இருமினான். உப்புத்தண்ணீர் வாய்வழியாகக் கொட்டியது. கண் பாதி திறந்து, கூரையைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. மூச்சு மட்டும் ஓடியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. பிள்ளை விடவில்லை. அவர் ஆசானின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாவும்னு நான் பறையமாட்டேன்" என்றார் ஆசான். "அமாவாசி வாவு களியட்டும். அதுவர எந்நேரமும் மூச்சு திரும்பிப் போவக்கூடும்."

அப்போதுதான் சகாயசெல்வி வந்து சேர்ந்தாள். இருபது வயதுகூட இராது. முட்டத்திலிருந்து நடையும் ஓட்டமுமாக வந்தவள், புருஷனின் காலடியில் விழுந்து, அவன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஆசான் முறையைச் சொன்னார். அவள் மடியை அவிழ்த்து, வியர்வையில் வாடிப்போன ஒரு வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்தாள். வாங்கக்கூடாது என்று சொல்லப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

"பிள்ளைவாள்" என்றார் ஆசான். "ஒடையவ வந்தாச்சு. இனி ஒமக்க வெத்திலய நீரு எடுத்துக்கிடலாம். எடுத்துட்டா இவனுக்கும் ஒமக்கும் ஒரு பாத்தியதயும் இல்ல. முறையில அதுக்கு எடமுண்டு."

எடுத்துக்கொள்ள இடமுண்டு! பங்குனியிலிருந்து அவர் எத்தனை கோவிலில் கேட்ட வரம் அது. இத்தனை சாட்சிகள் முன்னால், முறைப்படி, சுத்தமாக வெளியே வந்துவிடலாம். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கை நீண்டது.

சகாயசெல்வி அந்தக் கையைப் பார்த்தாள். "எடுக்கப் போறியளா ஐயா?" என்றாள். "அப்பம் நான் ஒத்தைக்கா நிக்கணும்?"

ஆடிக்காற்று வாசல்வழியாக வந்து, தட்டிலிருந்த வாடிய வெற்றிலையைத் தூக்கப் பார்த்தது. பிள்ளை அதை எட்டிப் பிடித்தார். தம் வெற்றிலையின்மேல் அதை அடுக்கி, பறக்காதபடி மேலே ஒரு பாக்கை வைத்தார். காற்று விடவில்லை, பாக்கு உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. பிறகு பாக்கை விட்டுவிட்டு, இரண்டு வெற்றிலைகளையும் தம் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.